ஆன்லைன் பேமெண்ட் அக்கவுண்ட்ல திருட்டு நடந்தா: என்ன அறிகுறி தெரியுதோ அதுலேருந்து ஆரம்பிங்க

பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே கை நடுங்கும், எதை முதல்ல செய்யணும்னே ஓடாது. பெரும்பாலானவங்க நேரா பேமெண்ட் அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டைத்தான் மாத்துவாங்க. சில கேஸ்ல அது சரி. சில கேஸ்ல அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா உங்க மெயில் திருடன் கைல இருந்தா நீங்க இப்ப போட்ட புது பாஸ்வேர்டை 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்' அழுத்தி அவன் உடனே மாத்திடுவான், சிம் அவன்கிட்ட இருந்தா ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். அதனால எந்த வழியா உள்ள வந்தான்னு பாத்து அந்த வழிய முதல்ல அடைங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். அந்த வழி எதுன்னு உங்களுக்குத் தெரியற அறிகுறியே பாதி சொல்லிடும். கீழ உங்களுக்கு நடக்கறது எதுவோ நேரா அதுக்குப் போயிடுங்க.

எந்தக் கேஸா இருந்தாலும் ரெண்டு விஷயம் பொது. ஒண்ணு, வந்த மெசேஜ்லயோ மெயில்லயோ இருக்கற லிங்க்கையும் ஃபோன் நம்பரையும் தொடாதீங்க. ஆப்பை நீங்களே திறந்து உள்ள இருக்கற ஹெல்ப் வழியா போங்க, பேங்குக்கு கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்கற நம்பருக்கு அடிங்க. சர்ச்ல 'கஸ்டமர் கேர் நம்பர்'னு தேடினா முதல்ல வர்ற விளம்பரமே மோசடிக்காரங்க போட்டதா இருக்க வாய்ப்பு உண்டு, பணம் போன பதட்டத்துல அதுக்கு அடிச்சு ரெண்டாவது தடவ ஏமாந்தவங்க நிறைய பேர். ரெண்டாவது, எதையும் டிலீட் பண்ணாதீங்க. கோவத்துல சாட்டை அழிச்சுடறது, நம்பரை பிளாக் பண்ணிட்டு மெசேஜையும் சேத்து தூக்கறது, இதெல்லாம் நடக்குது. அதான் உங்க சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்க.

அறிகுறி: நீங்க பண்ணாத ஒரு சின்னத் தொகை போயிருக்கு

சின்னதுதானேன்னு விடற ஆளுங்கதான் அதிகம். கார்டு நம்பர் திருடினவன் முதல்ல ரொம்பச் சின்னத் தொகைய எடுத்துப் பாப்பான், கார்டு உயிரோட இருக்கா, ஓனர் கவனிக்கறாரான்னு. யாரும் கேக்கலன்னா அடுத்தது பெருசா வரும், இல்லன்னா 'வேலை செய்யற கார்டு'ன்னு இன்னொருத்தனுக்கு வித்துடுவான்.

ஆனா முதல்ல ஒரு நிமிஷம் நிதானமா அந்த என்ட்ரிய பாருங்க. கடையோட பேரும் ஸ்டேட்மெண்ட்ல வர்ற பேரும் பல நேரம் வேற வேறயா இருக்கும், ஏதோ ஹோல்டிங் கம்பெனி பேரோ பேமெண்ட் கேட்வே பேரோ வரும். ஃப்ரீ ட்ரையல் முடிஞ்ச சந்தாவா இருக்கலாம், வீட்ல அதே கார்டை போட்டிருக்கற ஃபோன்லேருந்து பசங்க கேம்ல ஏதாவது வாங்கியிருக்கலாம். கார்டை புதுசா எங்கயாவது சேக்கும்போது சரிபாக்கறதுக்காக ஒரு சின்னத் தொகைய எடுத்துட்டு திருப்பிப் போடுவாங்க, அதுவும் லிஸ்ட்ல தெரியும். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு மெயில்ல அந்தத் தொகைய அப்படியே நம்பரா போட்டு சர்ச் பண்ணுங்க, ரசீது இருந்தா மாட்டிடும்.

அப்பவும் தெரியலன்னா தயங்காம கார்டை ஆப்லயே ஃப்ரீஸ் பண்ணிட்டு பேங்குக்கு சொல்லி புது நம்பர் கேளுங்க. இதுல பேமெண்ட் அக்கவுண்ட் வேற, கார்டு வேற. பணம் போனது அக்கவுண்ட் பேலன்ஸ்லேருந்தா, அதுல சேத்து வச்ச கார்டுலேருந்தா, நேரா கார்டுலேருந்தான்னு அந்த ட்ரான்ஸாக்ஷன் டீடெய்ல்ஸ்ல இருக்கும், அதைப் பொறுத்துத்தான் யாருகிட்ட முதல்ல கம்ப்ளைண்ட்னு முடிவாகும். பேமெண்ட் ஆப்ல அந்த என்ட்ரியே இல்ல, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல மட்டும் இருக்குன்னா ஆப்ல புகார் கொடுத்து நாள் கடத்தாதீங்க, கார்டு நம்பர் வெளிய போயிருக்கு, பேங்குக்குப் போங்க.

அறிகுறி: கேக்காமயே ஓடிபி வருது

ஒரே ஒரு தடவ வந்தா யாரோ நம்பரை தப்பா அடிச்சிருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தா யோசிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இந்த ஆப்ல ஓடிபி எப்ப வரும்? நம்பர் அடிச்ச உடனே ஓடிபி அனுப்பற ஆப்னா உங்க நம்பர் மட்டும்தான் அவனுக்குத் தெரியும், பெருசா பயப்பட வேணாம். பாஸ்வேர்ட் சரியா போட்டதுக்கப்புறம்தான் ஓடிபி அனுப்பற ஆப்னா உங்க பாஸ்வேர்ட் ஏற்கனவே அவன்கிட்ட இருக்குன்னு அர்த்தம், அந்த ஓடிபி ஒண்ணுதான் நடுவுல நிக்குது. உடனே பாஸ்வேர்டை மாத்துங்க, அதே பாஸ்வேர்டை வேற எங்கெல்லாம் போட்டிருக்கீங்களோ அங்கயும்.

பாஸ்வேர்ட் எப்படிப் போச்சுன்னு மண்டைய உடைச்சுக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 2022 டிசம்பர்ல பேபால்ங்கற ஆன்லைன் பேமெண்ட் கம்பெனில கிட்டத்தட்ட 35,000 அக்கவுண்ட்ல வேற ஆளுங்க நுழைஞ்சிருந்தாங்க, 2023 ஜனவரில கம்பெனியே வாடிக்கையாளர்களுக்கு லெட்டர் அனுப்பிச்சு. அதுக்கு யாரும் பேபாலை உடைக்கல, வேற தளங்கள்லேருந்து கசிஞ்ச மெயில் பாஸ்வேர்ட் ஜோடிகளை மெஷின் வச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தாங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே பாஸ்வேர்ட் வச்சிருந்தவங்க கதவு திறந்துக்கிச்சு. என்னைக்கோ ஏதோ ஒரு தளத்துல போட்ட பாஸ்வேர்ட் இன்னைக்கு பேமெண்ட் அக்கவுண்ட்டை திறக்குது. அதனால பேமெண்ட் அக்கவுண்ட்டுக்கும் மெயிலுக்கும் மட்டுமாவது வேற எங்கயும் இல்லாத பாஸ்வேர்ட் வச்சே ஆகணும்.

ஓடிபி வந்த கையோட 'பேங்க்லேருந்து பேசறோம், உங்க அக்கவுண்ட்ல யாரோ நுழையறாங்க, தடுக்கறதுக்கு அந்த நம்பரை சொல்லுங்க'ன்னு கால் வந்தா, நுழையறவனே அவன்தான். வச்சுடுங்க. ஃபோன்ல 'இது நீங்கதானா'ன்னு அப்ரூவ் கேட்டு வரிசையா வந்துக்கிட்டே இருந்தாலும் அதேதான், தொல்லை தாங்காம ஒரு தடவ அழுத்திடுவீங்கன்னுதான் ராத்திரி நேரமா பாத்து அனுப்பறான்.

அறிகுறி: மெயில்பாக்ஸ்ல திடீர்னு நூத்துக்கணக்குல குப்பை மெயில் வந்து கொட்டுது

இதை நிறைய பேர் ஸ்பேம்னு நினைச்சு மொத்தமா செலக்ட் பண்ணி டிலீட் பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சம்பந்தமே இல்லாத தளங்கள்லேருந்து 'சந்தாவுக்கு நன்றி', 'உங்க மெயிலை உறுதி செய்யுங்க'ன்னு நிமிஷத்துக்கு பத்து இருபது வருதுன்னா, அந்தக் குவியல் நடுவுல ஒரு உண்மையான மெயிலை நீங்க பாக்கக்கூடாதுன்னுதான் யாரோ இதை செய்யறாங்க. பணம் போன ரசீது, டெலிவரி அட்ரஸ் மாத்தின அறிவிப்பு, புது டிவைஸ்ல லாகின், இந்த மாதிரி ஒண்ணு அனேகமா உள்ள இருக்கும்.

உங்க பேமெண்ட் ஆப் பேரு, பேங்க் பேரு, நீங்க வழக்கமா வாங்கற தளங்களோட பேரு, 'ஆர்டர்', 'பேமெண்ட்', 'பாஸ்வேர்ட்'னு ஒவ்வொண்ணா சர்ச் பண்ணுங்க. ட்ராஷ், ஸ்பேம், ஆர்க்கைவ் எல்லாத்துலயும். அதைவிட முக்கியமா மெயில் செட்டிங்ஸ்ல ரெண்டு இடத்தைத் திறந்து பாருங்க, அனேகமா யாரும் பாக்காத இடம் இது. ஒண்ணு ஃபில்டர்ஸ், இன்னொண்ணு ஃபார்வர்டிங். மெயிலுக்குள்ள நுழைஞ்சவன் அங்க ஒரு விதி எழுதி வச்சுட்டுப் போவான். உங்க பேமெண்ட் கம்பெனி அட்ரஸ்லேருந்து எந்த மெயில் வந்தாலும் படிச்சதா குறிச்சு நேரா ட்ராஷுக்கு அனுப்பு, இல்லன்னா ஒரு காப்பிய வேற ஒரு அட்ரஸுக்கு ஃபார்வர்ட் பண்ணுன்னு இருக்கும். விதியோட பேரு ஒரு புள்ளியா மட்டும் கூட இருக்கும், கண்ணுலயே படாது. நீங்க பாஸ்வேர்ட் மாத்தினாலும் அந்த விதி அப்படியே நின்னு வேலை செய்யும், அக்கவுண்ட்லேருந்து எச்சரிக்கை மெயில் ஒண்ணு கூட உங்க கண்ணுக்கு வராது, எல்லாம் அமைதியா இருக்குன்னு நீங்க நினைச்சுக்கிட்டிருப்பீங்க.

அப்படி ஒரு விதி இருந்தா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அழிங்க. ரெகவரி மெயில், ரெகவரி நம்பர் உங்களோடதுதானான்னு பாருங்க, எல்லா டிவைஸ்லேருந்தும் லாக் அவுட் பண்ணுங்க, மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, ரெண்டடுக்கு சரிபார்ப்பு போடுங்க. இது முடிஞ்சதுக்கப்புறம்தான் பேமெண்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டுக்கு வரணும். ஒரே ஒரு விதிவிலக்கு, இப்ப இந்த நிமிஷம் பணம் போய்க்கிட்டே இருக்குன்னா முதல் ஃபோன் பேங்குக்கு, இருக்கற கார்டு அக்கவுண்ட் எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டு அப்புறம் மெயிலுக்கு வாங்க.

அறிகுறி: ஃபோன்ல சிக்னல் போச்சு, மத்தவங்க ஃபோன்ல அதே கம்பெனி சிக்னல் இருக்கு

ரீஸ்டார்ட் பண்ணியும் 'நோ சர்வீஸ்'னு நிக்குது, கொஞ்ச நேரம் முன்னாடி 'உங்க சிம் மாத்தற கோரிக்கை வந்திருக்கு'ன்னு ஒரு மெசேஜ் வேற வந்திருந்துச்சுன்னா உங்க நம்பரை வேற சிம்முக்கு மாத்திட்டாங்க. காலைல பாத்துக்கலாம்னு விட்டா விடியறதுக்குள்ள அக்கவுண்ட்டை வழிச்சு எடுத்துடுவாங்க. வேற ஒருத்தர் ஃபோன்லேருந்து முதல்ல பேங்குக்கு அடிச்சு பிளாக் பண்ணச் சொல்லுங்க, அடுத்தது சிம் கம்பெனிக்கு அடிச்சு நம்பரை முடக்கச் சொல்லுங்க. சிம் கம்பெனில லைன் கிடைச்சு விஷயத்தை விளக்கி முடிக்க நேரம் ஆகும், பேங்க்ல பிளாக் ஒரு சில நிமிஷத்துல முடிஞ்சிடும், அதனாலதான் இந்த வரிசை.

இது கவனமில்லாதவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல ட்விட்டரோட தலைவரா இருந்த ஜாக் டார்சியோட ட்விட்டர் அக்கவுண்ட்டே அவர் ஃபோன் நம்பரைக் கைப்பற்றித்தான் பறிச்சாங்க. நம்பர் திரும்ப வந்ததுக்கப்புறம் எங்கெல்லாம் முடியுமோ எஸ்எம்எஸ் ஓடிபிக்கு பதிலா ஆத்தென்டிகேட்டர் ஆப்போ (ஃபோன்லயே கோடு உருவாக்கற ஆப்) பாஸ்கீயோ (பாஸ்வேர்டுக்கு பதிலா கைரேகை, ஃபோன் லாக் வச்சு நுழையறது) போட்டுடுங்க, அது ரெண்டும் சிம்மோட போகாது. சிம் கம்பெனிகிட்ட சிம் மாத்தறதுக்கு தனி பின் வைக்க முடியுமான்னும் கேளுங்க.

அறிகுறி: நீங்க வாங்காத பொருளுக்கு பில் வந்திருக்கு, 'ரத்து பண்ண இந்த நம்பருக்கு கூப்பிடுங்க'ன்னு இருக்கு

இதுல குழப்பம் என்னன்னா மெயில் நிஜமாவே பேமெண்ட் கம்பெனி அட்ரஸ்லேருந்து வந்திருக்கும். அனுப்புனர் அட்ரஸ் சரியா இருக்கான்னு பாருங்கன்னு இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தது இங்க கை கொடுக்காது. பேபால் மாதிரி இடத்துல யார் வேணா யாருக்கு வேணா இன்வாய்ஸ் அனுப்பலாம், அதுல விற்பனையாளர் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, மோசடிக்காரன் அங்கதான் தன் நம்பரை எழுதி வைப்பான். மெயில் கம்பெனியோடது, உள்ள இருக்கற வாசகம் அவனோடது.

இன்வாய்ஸ்ங்கறது பணம் கேக்கறது மட்டும்தான், நீங்க கட்டினாத்தான் பணம் போகும். ஆப்பைத் திறந்து ஆக்டிவிட்டில பாருங்க, பணம் போயிருக்கலன்னா ஒண்ணும் ஆகல, ரிப்போர்ட் அடிச்சுட்டு விட்டுடுங்க. அந்த நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீங்க.

ஏற்கனவே கூப்பிட்டு அவங்க சொன்ன ரிமோட் ஆப்பை (உங்க மெஷினை தூரத்துலேருந்து அவங்க இயக்க விடற ஆப்) இன்ஸ்டால் பண்ணிட்டீங்கன்னா, அந்த நிமிஷமே வைஃபையையும் டேட்டாவையும் ஆஃப் பண்ணிடுங்க. 'ரீஃபண்ட் நடுவுல நிக்குது, கட் பண்ணா பணம் போயிடும்'னு ஃபோன்ல கத்துவாங்க. கத்தட்டும். அந்த மெஷின்லேருந்து எதையும் மாத்தாதீங்க, நீங்க அடிக்கற புது பாஸ்வேர்டை அவன் பாத்துக்கிட்டேதான் இருப்பான். வேற ஃபோன், வேற கம்ப்யூட்டர்லேருந்து பேங்க் பிளாக், மெயில், பேமெண்ட் அக்கவுண்ட்னு வரிசையா முடிங்க. அந்த மெஷினை சுத்தமா ரீசெட் பண்ணிட்டு அப்புறம் பயன்படுத்துங்க.

அறிகுறி: யாருன்னே தெரியாதவங்க பணம் போட்டிருக்காங்க, 'தப்பா அனுப்பிட்டேன் திருப்பி அனுப்புங்க'ன்னு கெஞ்சறாங்க

நல்ல மனசுள்ளவங்கதான் இதுல அதிகம் மாட்டறாங்க, அதனாலதான் இது எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற ரகம். ஆஸ்பத்திரி செலவுக்கு வச்ச பணம், பையனுக்கு ஃபீஸ் கட்டணும்னு அழுவாங்க. நடக்கறது என்னன்னா, உங்களுக்கு வந்த பணம் திருடின கார்டுலேருந்தோ திருடின அக்கவுண்ட்லேருந்தோ வந்தது. நீங்க இரக்கப்பட்டு புதுசா ஒரு ட்ரான்ஸ்ஃபர் போட்டு அனுப்பிடுவீங்க. கொஞ்ச நாள் கழிச்சு நிஜமான ஓனர் பேங்க்ல கம்ப்ளைண்ட் கொடுப்பாரு, முதல்ல வந்த பணத்தை உங்க அக்கவுண்ட்லேருந்து எடுத்துடுவாங்க. நீங்க அனுப்பினது நீங்க மனசாரப் பண்ண தனி ட்ரான்ஸ்ஃபர், அது திரும்ப வராது. பணத்துக்குப் பணமும் போச்சு, திருட்டுப் பணம் உங்க அக்கவுண்ட் வழியா போன மாதிரியும் ஆச்சு, அக்கவுண்ட்டையே முடக்கிடுவாங்க.

அந்தப் பணத்தைத் தொடாதீங்க, செலவும் பண்ணாதீங்க. கம்பெனிக்கு 'இந்தப் பணம் எனக்கு வர வேண்டியது இல்ல, யாருன்னு தெரியாது, முறைப்படி திருப்பி எடுத்துக்கோங்க'ன்னு எழுத்துல சொல்லிடுங்க. சில ஆப்ல அந்த ட்ரான்ஸாக்ஷன்லயே ரீஃபண்ட் பட்டன் இருக்கும், அது வந்த வழியாவே போகும், அதுல கணக்கு நேராகிடும். அவங்க சொல்ற வேற அக்கவுண்ட்டுக்கு அனுப்பறது மட்டும் கூடவே கூடாது. நிஜமாவே தப்பா அனுப்பினவரா இருந்தா அவர் தன் பேங்க்ல சொல்லி வாங்கிக்க வழி இருக்கு, நீங்க கல்நெஞ்சக்காரரா ஆகிட மாட்டீங்க. நிஜமா பணம் வந்திருக்கான்னும் பேலன்ஸ்ல பாத்துக்கோங்க, வெறும் 'கிரெடிட் ஆச்சு'ன்னு போலி எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிட்டு கேக்கறவங்களும் இருக்காங்க.

பொருள் விக்கறவங்களுக்கும் இதே போலி மெயில் வரும், 'பணம் வந்தாச்சு, ட்ராக்கிங் நம்பர் கொடுத்தா ரிலீஸ் பண்ணுவோம்'னு. அக்கவுண்ட்ல லாகின் பண்ணிப் பாத்து பணம் இருந்தா மட்டும் அனுப்புங்க, அதுவும் ட்ரான்ஸாக்ஷன்ல இருக்கற அட்ரஸுக்கு மட்டும். வாங்கறவர் சாட்ல வந்து அட்ரஸை மாத்திச் சொன்னா, அதுக்கு அனுப்பினா விக்கறவங்களுக்கு பேமெண்ட் கம்பெனி தர்ற பாதுகாப்பு போயிடும்.

அறிகுறி: எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் பணம் போகுது

மூணு இடம் பாருங்க. ஆட்டோமேட்டிக் பேமெண்ட், இல்லன்னா ப்ரீ அப்ரூவ்ட் பேமெண்ட்னு செட்டிங்ஸ்ல ஒரு லிஸ்ட் இருக்கும், அங்க யாருக்காவது ஒரு தடவ அனுமதி கொடுத்திருந்தா பாஸ்வேர்ட் மாத்தறதால அது ரத்து ஆகாது, ஒவ்வொண்ணா கேன்சல் பண்ணணும். அடுத்தது கனெக்டட் ஆப்ஸ், நம்பின டிவைஸ் லிஸ்ட். அதுல உங்களுக்குத் தெரியாததை எல்லாம் எடுத்துடுங்க. அதுவும் சரின்னா சந்தேகம் உங்க கம்ப்யூட்டர் மேல. க்ராக் சாஃப்ட்வேர், கேம்ல ஏமாத்தி ஜெயிக்கறதுக்கான டூல், ஏதோ ஒரு ப்ரௌஸர் எக்ஸ்டென்ஷன் வழியா வர்ற மால்வேர் ப்ரௌஸர்ல சேமிச்ச பாஸ்வேர்டோட குக்கீயையும் (நீங்க லாகின் ஆனதை ஞாபகம் வச்சுக்கற சின்ன ஃபைல்) சேத்து எடுத்துடும். குக்கீ இருந்தா பாஸ்வேர்டும் வேணாம் ஓடிபியும் வேணாம், ஏற்கனவே லாகின் ஆன நீங்களா அவன் உள்ள வந்துடுவான். அதான் 'எல்லா டிவைஸ்லேருந்தும் லாக் அவுட்' அவ்வளவு முக்கியம்னு சொல்றேன், அதை சுத்தமான வேற டிவைஸ்லேருந்து பண்ணணும்.

அறிகுறி: பணத்தை அனுப்பினது நீங்கதான், ஆனா ஏமாத்தி வாங்கிட்டாங்க

வேலை தர்றேன், முதலீடு, பார்சல்ல போதைப்பொருள்னு மிரட்டல், வராத பொருள், எதுவா இருந்தாலும். இங்க சட்டம் வேற மாதிரி பாக்குது. உங்களுக்குத் தெரியாம எடுத்தது ஒரு வகை, நீங்களே அழுத்தி அனுப்பினது இன்னொரு வகை. முதல் வகைக்கு பல நாட்டுல பாதுகாப்பு பலமா இருக்கு, ரெண்டாவதுக்கு ரொம்பக் குறைவு. அதுக்காக வெக்கப்பட்டு பேசாம இருந்துடாதீங்க, இந்த வேலையே தொழிலா பண்றவங்ககிட்டதான் ஏமாந்திருக்கீங்க. இங்க நேரம்தான் எல்லாம், பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்கு சிதறறதுக்குள்ள சொன்னா நடுவுல எங்கயாவது நிறுத்தி வைக்க முடியும்.

இந்தியால 1930, சிங்கப்பூர்ல 1799, மலேசியால 997, இதெல்லாம் இதுக்குன்னே இருக்கற நம்பர். பிரிட்டன்ல 159 அடிச்சா உங்க பேங்குக்கே இணைப்பு கொடுப்பாங்க. அமெரிக்கால எஃப்பிஐயோட இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3ல புகார் போடலாம். பிரிட்டன்ல 2024 அக்டோபர் 7லேருந்து, உள்நாட்டு பேங்க் ட்ரான்ஸ்ஃபர்ல ஏமாத்தப்பட்டவங்களுக்கு 85,000 பவுண்ட் வரைக்கும் பேங்குகளே திருப்பித் தரணும்னு விதி வந்திருக்கு, கடைசியா அனுப்பினதுலேருந்து 13 மாசத்துக்குள்ள கேக்கணும்.

பொருள் வாங்கி ஏமாந்ததா இருந்தா எப்படி அனுப்பினீங்கன்னு பாருங்க. பேபால்ல பொருளுக்கான பேமெண்ட்டா அனுப்பியிருந்தா 180 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் (விக்கறவர் மேல முதல் கட்டப் புகார்) திறக்கலாம். திறந்துட்டு விக்கறவர் 'இன்னும் நாலு நாள், அனுப்பிடறேன்'னு இழுத்தடிப்பாரு, அதை நம்பி உக்காந்திருக்காதீங்க, 20 நாளுக்குள்ள அதை க்ளெய்மா (பேபாலே தீர்ப்பு சொல்ற கட்டம்) உயர்த்தலன்னா தானா மூடிக்கும், மறுபடி திறக்க முடியாது. அவர் இழுத்தடிக்கறது பல நேரம் அந்த 20 நாளைத் தாண்டத்தான். ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு (தெரிஞ்சவங்களுக்கு அனுப்பற வகை) அனுப்பியிருந்தா அந்தப் பாதுகாப்பே கிடையாது, அப்பவும் காசு கார்டுலேருந்து போயிருந்தா கார்டு பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல போன பணத்தை பேங்க் வழியா திருப்பி வாங்கறது) கேட்டுப் பாருங்க, கிடைக்கும்னு உறுதி இல்ல, கேக்காம விட வேணாம்.

கம்ப்ளைண்ட் எழுதறது

பாதி கேஸ் இங்கதான் சொதப்புது. கோவத்தையும் கதையையும் நாலு பக்கம் எழுதினா படிக்கறவர் விஷயத்தை தேடணும். இப்படி எழுதுங்க:

'என் அக்கவுண்ட்டில் இந்தத் தேதி, இந்த நேரத்தில், இந்த ட்ரான்ஸாக்ஷன் எண்ணில், இவ்வளவு தொகை போயிருக்கிறது. இதற்கு நான் அனுமதி தரவில்லை. ஓடிபி, பாஸ்வேர்ட் எதையும் யாரிடமும் பகிரவில்லை. இந்த நேரத்தில் இதைப் பார்த்தேன், இந்த நேரத்தில் உங்கள் உதவி எண்ணில் தெரிவித்தேன், புகார் எண் இது. தொகையைத் திருப்பித் தரவும், விசாரணை முடிவை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.'

நடந்ததை மட்டும் எழுதுங்க. ஓடிபி சொல்லியிருந்தா சொல்லலன்னு எழுதாதீங்க, அவங்ககிட்ட எப்ப என்ன நடந்துச்சுன்னு பதிவு இருக்கும், ஒரு பொய் மாட்டினா மத்தது எல்லாத்தையும் நம்ப மாட்டாங்க. ஃபோன்ல எவ்வளவு பேசினாலும் புகார் எண் வாங்காம வைக்காதீங்க. அந்த எண்ணும் நேரமும் ஏன் அவ்வளவு முக்கியம்னா பல நாட்டு விதியும் நீங்க எப்ப சொன்னீங்கங்கறதை வச்சுத்தான் ஓடுது. இந்தியால ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல போட்ட விதிப்படி, தப்பு உங்க மேலயும் இல்ல பேங்க் மேலயும் இல்லன்னா, பேங்க் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம், 4லேருந்து 7 வேலை நாளுக்குள்ளன்னா ஒரு வரம்பு வரைக்கும் உங்க தலைல. உங்க கவனக்குறைவால போயிருந்தா கூட, நீங்க பேங்குக்கு சொன்ன நேரத்துக்கு அப்புறம் போற பணம் பேங்க் பொறுப்பு. இதே மாதிரி விதி 2019 ஜனவரில வாலட்டுக்கும் வந்துச்சு. அமெரிக்கால டெபிட் கார்டோ பின்னோ திருடு போனா தெரிஞ்ச 2 வேலை நாளுக்குள்ள சொன்னா பொதுவா 50 டாலரோட நிக்கும், தாண்டினா 500 வரைக்கும் போகும், ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளும் தாண்டிட்டா அதுக்கப்புறம் போறதுக்கு வரம்பே இல்ல. ஐரோப்பிய யூனியன்ல அனுமதி இல்லாம போன பணத்தை சொன்னதுக்கு அடுத்த வேலை நாள் முடியறதுக்குள்ள திருப்பிப் போடணும், மோசடின்னு உங்க மேலயே சந்தேகம் இருந்தா மட்டும்தான் தள்ளிப் போடலாம்.

முதல் பதில் 'முடியாது'ன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க. எந்த ஆதாரத்தை வச்சு நான்தான் அனுமதி கொடுத்தேன்னு சொல்றீங்கன்னு கேளுங்க, எந்த டிவைஸ், எந்த ஐபி (இணைய இணைப்போட முகவரி), எந்த நேரம்னு. அந்த நேரத்துல நீங்க வேற ஊர்ல இருந்ததுக்கு டிக்கெட் இருந்தா சேத்து வைங்க. அதுக்கும் ஒத்துவரலன்னா ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல வர்ற புகாரை நடுநிலையா விசாரிக்கற அதிகாரி. இந்தியால பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலன்னாலோ மறுத்துட்டாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது, வக்கீலும் வேணாம்.

அறிகுறி: 'போன பணத்தை மீட்டுத் தர்றோம்'னு யாரோ கூப்பிடறாங்க

பணம் போன சில வாரத்துல இந்த கால் வரும். எவ்வளவு போச்சு, எந்த ஆப், எந்த தேதின்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதை எல்லாம் சரியா சொல்வாங்க, அதனாலயே நம்பத் தோணும். ஏமாந்தவங்க லிஸ்ட்டை அவங்களுக்குள்ள வித்துக்கறாங்க, சில நேரம் முதல்ல திருடின அதே ஆளுங்கதான் கூப்பிடறது. வக்கீல், சைபர் நிபுணர், போலீஸ்னு என்ன பேரு வேணா சொல்வாங்க, கடைசில முன்பணம், வரி, ப்ராசஸிங் ஃபீஸ்னு ஒண்ணு வந்து நிக்கும். பேங்கோ போலீஸோ ஆம்புட்ஸ்மேனோ உங்க பணத்தைத் திருப்பித் தர ஃபீஸ் கேக்க மாட்டாங்க. பணம் கேட்ட உடனே லைனை வச்சுட்டு, அந்த நம்பரையும் நேரத்தையும் உங்க பழைய புகார் எண்ணோட சேத்து போலீஸுக்குக் கொடுங்க, ஏற்கனவே நடக்கற விசாரணைக்கு அது உதவும்.